மூன்று வெட்டுப் பெட்ரோல்

சைலன்சர் குழாயின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கிறார் நல்லதம்பி. விரலில் ஒட்டிய கரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், முகர்கிறார், பெருவிரலோடு சேர்த்துத் தேய்க்கிறார். வண்டிக்காரர் பிள்ளையை வைத்தியரிடம் காட்ட வந்தவர் மாதிரி பக்கத்தில் கவலையோடு நிற்கிறார். "அறுபத்தேழுக்கு எண்ணெய் கூடிப்போச்சு சார். இப்பிடி ஊத்துனா அது வண்டியில்ல, வடைச்சட்டி," என்று சொல்லிவிட்டு, விரலைத் தன் காக்கி நிஜாரின் வலது பக்கத்தில் துடைத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் பதின்மூன்று வருஷக் கரி இருக்கிறது. மனைவி அழகுத்தாய் எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை.

அறுபத்தேழு என்பது வண்டி வந்த வருஷம். வண்டிப்பெரியாரிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கிற சேம்பாறை எஸ்டேட்டில், தேயிலைக் காட்டு வேலையை மேற்பார்க்கிறவர்கள் சுற்றிவர ரெண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் நான்கு உண்டு. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே கருஞ்சிவப்பு நிறம், ஒரே இருநூற்றைம்பது சி.சி. வருஷம் மட்டும் வேறு: அறுபத்திரண்டு, அறுபத்துநாலு, அறுபத்தேழு, எழுபத்தொன்று. நல்லதம்பிக்கு வண்டியின் நம்பரும் தெரியாது, அதன்மேல் உட்காருகிறவரின் பெயரும் அவசியமில்லை. "அறுபத்திரண்டு சார் இன்னைக்கி லீவாம்," என்பார். பெற்ற மகள்கூட இதற்குத் தப்பவில்லை. "நம்ம அறுபத்துநாலு பள்ளிக்கூடம் விட்டு வந்துருச்சா?" என்றால், பன்னிரண்டு வயதுக் குருவம்மாள் உள்ளேயிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

எஸ்டேட் அவருக்குச் சம்பளம் தருவது இதற்கல்ல. அவர் தேயிலை ஃபாக்டரியின் ஃபிட்டர். கொழுந்தை வாட்டும் காற்றாடிகளும், வாடிய கொழுந்தைக் கசக்கும் ரோலர்களும், கரண்டு போனால் கைகொடுக்கும் டீசல் எஞ்சினும் அவர் பொறுப்பு. அவற்றைக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டாவி விடுவார். ரெண்டு ஸ்ட்ரோக் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் மட்டும் சோறு ஆறிப்போகும்வரை எழுந்திருக்க மாட்டார். இதில் வேடிக்கை, மனிதருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஓட்டுறவனுக்குக் காத்துச் சத்தந்தான் கேக்கும். எஞ்சின் என்ன சொல்லுதுன்னு கீழ நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

எந்த வருஷத்து எஞ்சின் நல்ல எஞ்சின்? இந்த ஒரு கேள்விக்காக அவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். வண்டி வந்து ஒரு வயது கடந்ததும் வருகிற ஜனவரியில் அது நடக்கும். புது வண்டிக்குக் கூச்சம் போயிருக்காது, பழைய வண்டி வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும், ஆகையால் எல்லா வண்டியையும் ஒரே வயதில் நிறுத்திப் பார்ப்பதுதான் நியாயம் என்பது அவர் கட்சி. ஜனவரியில் மழையில்லை, செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கிற காலம், கொழுந்தும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஃபாக்டரி வாசலில் நிறுத்தி, பெட்ரோல் டாங்கியின் குழாயை அடைப்பார். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டப்பாவைக் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய் கொடுப்பார். டப்பாவில் எண்ணெய் கலந்த பெட்ரோல் மூன்று வெட்டு. ஒரு சொட்டு கூடாது, குறையாது.

வெட்டு என்பது மருந்துப் பாட்டில் அளவு. டிஸ்பென்சரிக்குக் காலிப் பாட்டிலைக் கொண்டுபோனால் கம்பவுண்டர் மிக்ஸரை ஊற்றி, ஓரத்தில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு வெட்டு இறங்கினால் ஒரு வேளை மருந்து. அப்படி வந்த பாட்டில் ஒன்றைத்தான் நல்லதம்பி அளவுக்கு வைத்திருக்கிறார். வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

வண்டியை ஓட்டுவது எப்போதும் ராக்கப்பன்தான். அவர் எஸ்டேட் கண்டாக்டர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை, காட்டு வேலைக்கு மேலாள். ஆள் மாறினால் எடை மாறும், எடை மாறினால் எஞ்சினுக்கு அநியாயம் என்று நல்லதம்பி வேறு யாரையும் ஏற்றமாட்டார். கிளம்புவதற்கு முன் ராக்கப்பனைக் கொழுந்து நிறுக்கும் தராசில் நிறுத்துவார். முதல் சோதனையில் பூட்ஸோடும் மழைக்கோட்டோடும் ஐம்பத்தெட்டு கிலோ. வருஷங்கள் போகப் போக ராக்கப்பனுக்கு வயிறு வைத்தது. ஐம்பத்தெட்டுக்கு இறக்குவதற்காக முதலில் மழைக்கோட்டுப் போயிற்று, பிறகு பூட்ஸ், பெல்ட், கைக்கடிகாரம். எழுபத்தொன்றின் சோதனைக்குச் சட்டையையும் கழற்றச் சொன்னார். "கோமணத்தோட ஓட்ட விட்டுருவ போலயே நல்லதம்பி," என்றார் ராக்கப்பன். "ஞாயித்துக்கெழம காட்டுல யாரு இருக்கா, பாக்குறதுக்கு," என்றார் நல்லதம்பி, தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபாக்டரியிலிருந்து ரோடு ஒரே ஏற்றம். எஸ்டேட்டில் தேயிலைக் காடுகளுக்கு நம்பர்தான் பெயர். ரோடு இரண்டாம் நம்பரில் தொடங்கி, பன்னிரண்டாம் நம்பரில் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் டவுனுக்கு இறங்குகிறது. இரண்டாம் கியரில் ஏறவேண்டும். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் அணைகிற இடத்தில் ராக்கப்பன் காலை ஊன்றவேண்டும். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிற நல்லதம்பி அங்கே கிடக்கிற கல்லில் சுண்ணாம்பால் வருஷத்தை எழுதுவார். அறுபத்திரண்டு ஐந்தாம் நம்பர் மதகோடு நின்றது. அறுபத்தேழு ஏழாம் நம்பர்வரை வந்தது. அறுபத்துநாலு ஒன்பதாம் நம்பர் வளைவுப் பாறையைப் பிடித்தது. எழுபத்தொன்று அதற்கு முப்பது கஜம் கீழே. ஜீப்பில் வருகிற வெளியாட்கள் இவற்றை சர்வேக்காரர் அடையாளம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முப்பது கஜம் ஒரு பெரிய வித்தியாசமா என்று ஆபீஸ் ரைட்டர் ஒருமுறை கேட்டுவிட்டார். நல்லதம்பிக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. "நெறமாசக்காரியப் பின்னால உக்கார வச்சு முப்பது கஜம் தள்ளிட்டுப் போயிப் பாருங்க. அப்பத் தெரியும், பெருசா சிறுசான்னு."

அவர் சும்மா சொல்லவில்லை. அறுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதம், நாலு நாளாக மழை விடவில்லை. டவுனுக்குப் போகிற கீழ் ரோட்டில் பாலத்துக்கு மேல் தண்ணீர். அழகுத்தாய்க்கு வலி எடுத்து ஓர் இரவு கழிந்துவிட்டது. லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் இனி ஆஸ்பத்திரிதான் என்று கையை விரித்துவிட்டார்கள். வந்து மூன்று மாதமே ஆன வண்டியை ராக்கப்பன் எடுத்தார். நடுவில் அழகுத்தாய், அவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நல்லதம்பி. சோதனை நடக்கிற அந்த மேல் ரோட்டில் தண்ணீர் ஓடை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றம் முழுக்க நல்லதம்பி கடவுளைக் கூப்பிடவில்லை, மனைவிக்கு ஆறுதலும் சொல்லவில்லை; எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது விக்கி நின்றிருந்தால் அவருக்கு இன்று பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அது நிற்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் குருவம்மாள் பிறந்தாள். அதுவரை பொழுதுபோக்காக இருந்த ரெண்டு ஸ்ட்ரோக் பைத்தியம் அவருக்கு முற்றியது அன்றைக்குத்தான்.

அதனால் அறுபத்துநாலைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடும். "அந்த வருசத்து இரும்பே வேற சார். அறுபத்திரண்டு பேசும், அறுபத்தேழு இருமும். அறுபத்துநாலு பாடும். எழுபத்தொண்ணு நல்ல பயதான், இல்லைங்கல. ஆனா அவுக அண்ணனுக்கு முன்னால நிக்க முடியுமா?" சொல்லிவிட்டுத் தூரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மழையும் அந்த வயதும் அவர் கண்ணில் வந்து போகும். பார்க்கிற நமக்கே, நாமும் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தோமோ என்று தோன்றிவிடும்.

எழுபத்தாறாம் வருஷம் டிசம்பரில் எஸ்டேட்டுக்குப் புது ஜீப்புகள் இரண்டு வருவதாக முடிவாயிற்று. பழைய மோட்டார் சைக்கிள்களை விற்றுவிடலாம், டிஸ்பென்சரிக்கு மட்டும் ஒன்று இருக்கட்டும் என்றார் மானேஜர் துரை. எஸ்டேட்டின் மேல் பகுதியான மேல் டிவிஷனுக்கு ஜீப் ஏறாது. அங்கே யாருக்காவது பிரசவம், காய்ச்சல் என்றால் கம்பவுண்டர் பிச்சைமணி அந்த வண்டியில்தான் மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். துரை சனிக்கிழமை மத்தியானம் நல்லதம்பியைக் கூப்பிட்டார். "ஒரு வண்டி மதி, போதும். அறுபத்துநாலுக்குப் போன வருஷம்தானே புது பிஸ்டன் போட்டே? எழுபத்தொண்ணை வித்தா நல்ல விலை கிடைக்கும். ஆனா மேல் டிவிஷன் ஏறுறது எதுன்னு நீதான் சொல்லணும். திங்கக்கிழமை பெரட்டுல சொல்லு."

காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும், துரை தன் வாயால் கேட்கப்போகிறார். பதில் எதுவென்று எஸ்டேட்டுக்கே தெரியும். அறுபத்துநாலு இனி எங்கேயும் போகாது. நல்லதம்பி வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்து வந்தார்.

வீட்டில் அழகுத்தாய் இருமிக்கொண்டிருந்தாள். டிஸ்பென்சரியில் வாங்கிய புது மிக்ஸர் பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தாள், அளவுப் பாட்டிலுக்கு ஒட்டினாற்போல. இரண்டும் ஒரே அச்சுப் பாட்டில். நல்லதம்பி பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். புதுப் பாட்டிலில் மூன்று வெட்டு இருக்கிற உயரத்தில், அவர் பாட்டிலில் நான்கு வெட்டு இருந்தது.

"இந்தா, அழகுத்தாயி. ஏன் இது ரெண்டும் ரெண்டு மாதிரி இருக்கு?"

அவள் வந்து பழைய பாட்டிலைக் காட்டினாள். "அது நம்ம குருவம்மாவுக்குக் கக்குவான் வந்தப்ப வாங்குன பாட்டிலு. பிள்ளைகளுக்கு வெட்டு சிறுசாத்தான் ஒட்டுவாக. பெரியாளுக்கு ஒரு அவுன்சு, பிள்ளைக்கு முக்கால்."

"அப்ப எம்பாட்டிலு?"

"கழுவையில கைதவறி ஒடைஞ்சு போச்சு. நீங்க வைவீகன்னு, இதைக் கழுவி அந்த எடத்துல வச்சுட்டேன். எல்லாம் பாட்டிலுதானன்னு நெனச்சேன்."

குருவம்மாளுக்குக் கக்குவான் வந்தது எழுபத்திரண்டில். எழுபத்தொன்றின் சோதனை நடந்தது அடுத்த ஜனவரியில். மற்ற மூன்று வண்டிகளும் பெரியவர்கள் வெட்டில் மூன்று குடித்துவிட்டு ஏறின. எழுபத்தொன்று மட்டும் சின்னப் பிள்ளை வெட்டில் மூன்று குடித்து, கால்வாசி குறைந்த பெட்ரோலில், அறுபத்துநாலுக்கு முப்பது கஜம் பின்னால்வரை வந்துவிட்டது. ராக்கப்பனின் கைக்கடிகாரத்தைக்கூட நிறுத்துப் பார்த்த மனிதர், தன் வீட்டு அலமாரியில் ஏமாந்திருக்கிறார். அழகுத்தாயை அவர் வையவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. புதுப் பாட்டிலின் மருந்தைச் செம்பில் ஊற்றி வைத்துவிட்டு, அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு ராக்கப்பனைத் தேடிப் போனார். தராசில் நிறுத்தினார், சட்டை பூட்ஸ் எல்லாம் கழற்றியும் மூன்று கிலோ கூடத்தான் இருந்தது. "இருக்கட்டும். எழுபத்தொண்ணு சொமந்துக்கிரும்," என்றார். ராக்கப்பனுக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. வண்டி கிளம்பிற்று. நல்லதம்பி இந்தமுறை ஓடவில்லை, பின்னால் நடந்தார். ஐந்தாம் நம்பர் மதகு, ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் வளைவுப் பாறை. பாறைக்கு மேலேயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருமாமல், விக்காமல், சீராக. அவர் பதினோராம் நம்பருக்குப் போய்ச் சேர்ந்தபோது ராக்கப்பன் வண்டியை நிறுத்திவிட்டு, பனியனோடு குளிரில் கையைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ராக்கப்பன் கல்லைவிட்டு எழுந்தார். பிறகு சொன்னார்: "நமக்கும் உம் பெஞ்சாதிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எம்புட்டு வருசமா அறுபத்துநாலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்க. அதுவும் மேல் டிவிசன் ஏறாமலா போகப்போகுது? ஏறிரும்ப்பா. அன்னைக்கி மழையில ஏறலையா?"

"ஏறிரும்," என்றார் நல்லதம்பி. "முக்காவாசி நாளு ஏறிரும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் நூற்றுக்கு மேல் ஆட்கள். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாகப் பெண்கள் ஒரு பக்கம், கவாத்துக் கத்தியோடு ஆண்கள் ஒரு பக்கம். துரை கேட்டார். நல்லதம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுபத்தொண்ணு, தொரை," என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், கேலி செய்கிறார் என்று நினைத்து. துரைக்கும் புரியவில்லை. "பாறையில வேற மாதிரி எழுதி வச்சிருக்கே?"

"அளந்ததுல தப்பு, தொரை. என் அளவுதான் தப்பு, எஞ்சின் மேல தப்பில்ல." நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "மேல் டிவிசன்ல வலியில கெடக்குறவளுக்கு நம்ம ஆசையெல்லாம் ஆகாது. ஏறுறதுதான் வேணும்."

பெண்கள் பக்கத்தில் கூடையோடு நின்ற அழகுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பிச்சைமணி எழுபத்தொன்றின் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அன்றே மற்ற மூன்றையும் விற்கச் சொல்லி டவுன் கடைகளுக்குச் சேதி போயிற்று.

அறுபத்திரண்டும் அறுபத்தேழும் ஒரு வாரத்தில் போய்விட்டன. அறுபத்துநாலுக்கு ஆள் வந்தது ஜனவரி இரண்டாம் வாரம். சென்னிமலை என்ற விவசாயி, பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியிலிருந்து, வண்டிப்பெரியாரில் கடை வைத்திருக்கும் மச்சானோடு வந்திருந்தார். தங்கமான மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்கூருப் பக்கம் மேடுங்கறதே கெடையாதுங்க. ஊட்டுக்கும் தோட்டத்துக்கும் போயிட்டு வந்தாப் போதுமுங்க," என்றார். மேடே இல்லாத ஊரில் இந்த வண்டி என்ன செய்யும் என்று நல்லதம்பி யோசித்தார்.

மலையில் மஞ்சு இறங்கியிருந்த காலை. சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். வண்டி கிளம்பவில்லை. பத்து மிதி, பதினைந்து மிதி. மச்சானும் மிதித்துப் பார்த்தார். ராக்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்லதம்பியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். குளிரில் அறுபத்துநாலை எழுப்புவது எப்படி என்பது அந்த மலையில் அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். வாங்க ஆளில்லை என்றால் ஷெட்டிலேயே கிடக்கட்டும் என்று துரை முன்னமே சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, இது கெளம்புமுங்களா?" சென்னிமலை நெற்றி வேர்வையைத் துடைத்தார். "நான் அவ்வளவு தொலைவு போகோணுமுங்க. நடுவழியில நின்னு போச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வேண்டாமுங்க மச்சான், பஸ்ஸுக்கே போயிரலாம்." அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, வண்டியைவிட்டு விலகி நான்கு எட்டு நடந்தும்விட்டார்.

நல்லதம்பி நின்ற இடத்திலேயே நின்றார். ராக்கப்பன் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க," என்றார் நல்லதம்பி.

வண்டியின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். பக்க மூடியைக் கழற்றினார். கார்புரேட்டரின் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசிந்து விரலை நனைக்கும்வரை அழுத்தினார். பிறகு காற்று இழுக்கிற வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார். "இப்ப மிதிங்க. ஒரே மிதி."

சென்னிமலை மிதித்தார். எஞ்சின் பற்றிக்கொண்டது. நீலப் புகை அவிழ்ந்து தேயிலைச் செடிகளின் மேல் பரவிற்று. மூச்சுக்காக அது அவர் உள்ளங்கையை இழுத்தது. கையை எடுத்தால்தான் அது மேற்கொண்டு ஓடும். நல்லதம்பி முதலில் சுண்டுவிரலைத் தூக்கினார், பிறகு அடுத்த விரலை, அப்புறம் மெல்ல முழுக் கையையும்.